எழுத்தில் நின்ற நன்றி

பாங்காக்கில் மாலையில் நான் ஏறிய ரயில் வண்டி, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தூரத்தை இரவெல்லாம் ஓடிக் கடந்து, ரப்பர்த் தோட்டங்களும் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் மாறி மாறித் தோன்றும் தென்பிரதேசத்தில் மறுநாள் காலை என்னை இறக்கிவிட்டபோது, அங்கே நான் முதன்முதலாகக் காதாரக் கேட்ட சொல் அந்த ஊரின் பெயராகவே இருந்தது. நக்கொன் ஸி தம்மராத் என்று வண்டிக்காரர்கள் கூவினார்கள். நகர ஸ்ரீ தர்மராஜ என்னும் வடமொழித் தொடரே சயாமியர் நாவில் அவ்வாறு வழங்குகிறது என்பதை நான் புத்தகங்களில் முன்பே படித்திருந்தேன். எனினும் நகர என்ற சொல் ஏன் நக்கொன் என்று முடியவேண்டும், ரகரம் இருந்த இடத்தில் னகரம் எவ்வாறு வந்து அமர்ந்தது என்று அன்று நான் யோசிக்கவில்லை. நிலையத்துப் பெயர்ப்பலகையின் சயாமிய எழுத்துக்கள் எனக்கு வெறும் சித்திரமாகவே தோன்றின. அந்தக் கேள்வி என்னுள் எழுவதற்கும் அதற்கு விடை கிடைப்பதற்கும் ஐந்து மாதங்கள் ஆயின. விடையைத் தந்தவள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி.

நாகப்பட்டினத்துக்கு அருகில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் போதித்து ஓய்வு பெற்றவன் நான். கற்றுக்கொடுப்பதைத் தவிர வேறொரு தொழிலும் அறியாதவனாகையால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காலத்தைக் கழிக்க மனம் ஒப்பாமல், இன்று தாய்லாந்து என்று வழங்கும் சயாம் தேசத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் ஒரு பருவ காலம் ஊதியமின்றி ஆங்கிலம் கற்பிக்க இசைந்தேன். ஊதியமில்லாத தொண்டாயினும் அந்நாட்டுச் சட்டப்படி அதற்குரிய விசாவும் வேலை அனுமதியும் பெற்றாக வேண்டும். அந்தக் காகிதங்கள் கைக்கு வந்து சேர்ந்தபின், அங்கே பள்ளிகள் திறக்கும் மே மாதத்தின் நடுவில் புறப்பட்டேன்.

நக்கொன் நகரத்தில் தங்கிய இரண்டு நாட்களில் நான் கண்டவை ஒரு தமிழனுக்குப் புதுமையாகவும் இருந்தன, பழக்கமானவையாகவும் இருந்தன. ராஜவீதியின் ஒரு பக்கத்தில் ஈஸ்வரனுக்கு ஒரு சிறு கோயில், அதற்கு எதிர்ப்பக்கத்தில் நாராயணனுக்கு ஒரு சிறு கோயில்; அவ்விரண்டையும் கடந்து சென்றால், இலங்கை முறையில் கவிழ்த்த மணி போன்ற வடிவம் கொண்டு உச்சியில் பொன் வேய்ந்து நிற்கும் மஹாதாது ஸ்தூபம். பழைய காலத்தில் தாம்பிரலிங்கம் என்று பெயர் பெற்ற ராஜ்யம் இந்தக் கரையிலேதான் இருந்தது. 1025-ஆம் ஆண்டில் கடல் கடந்து படையெடுத்த முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாதமாலிங்கம் இதுவே என்று சரித்திர அறிஞர்கள் அடையாளம் காட்டுவார்கள். இந்தத் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள தகுவாபாவில் ஒரு குளத்தையும் மணிக்கிராமத்து வணிகரையும் குறிப்பிடும் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. படையோடு வந்தவர்களும் பண்டத்தோடு வந்தவர்களும் சென்ற வழியில், சாக்பீஸ் கட்டியோடு நானும் சென்றேன் என்பதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது.

நான் பணி செய்ய வேண்டிய பள்ளி, நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், பாக் பனாங் என்னும் நதிமுகத்துவாரத்துப் பட்டினத்தை அடுத்த ஒரு கிராமத்தில் இருந்தது. அந்த ஆறு சயாம் வளைகுடாவில் கலக்கும் இடத்தில், ஜன்னல்களே இல்லாத உயர்ந்த கட்டிடங்கள் பல நிற்கின்றன. அவற்றில் மனிதர் வசிப்பதில்லை. உமிழ்நீரால் கூடு கட்டும் ஒருவகைக் குருவிகளுக்காக எழுப்பப்பட்டவை அவை. ஒலிபெருக்கியின் வழியே பறவைக் குரலைப் பரப்பிக் குருவிகளை வரவழைத்து, உணவாகவும் மருந்தாகவும் விலை போகும் அக்கூடுகளை எடுத்து விற்கிறார்கள். உப்பங்கழி ஓரங்களில், நீரிலேயே வேரூன்றி வளரும் ஒருவகைப் பனையின் பாளையைச் சீவிப் பதநீர் இறக்கிக் காய்ச்சுகிறார்கள். அந்த வெல்லத்தின் மணம் காற்றில் வந்தபோது, வேதாரண்யத்துக் கரையோரத்தில் நிற்பது போலவே எனக்கு இருந்தது.

பள்ளியில் காலை எட்டு மணிக்குக் கொடியேற்றமும் தேசிய கீதமும் பிரார்த்தனையும் முடிந்து நான் வகுப்புக்குள் நுழைந்ததும், வகுப்புத் தலைவி ஒரு சொல் கட்டளையிட, பிள்ளைகள் அனைவரும் எழுந்து நின்று கைகூப்பினார்கள். 'குட் மார்னிங் டீச்சர்' என்று அவர்கள் ராகமிட்டுச் சொன்னார்கள். நலமா என்று நான் கேட்டதும், நலம், நன்றி, தாங்கள் நலமா என்னும் பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை ஒரே மூச்சில், ஒரே குரலில் ஒப்பித்து அமர்ந்தார்கள். அந்த ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்த நான், ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே சென்று, நேற்று என்ன சாப்பிட்டாய், உன் தகப்பனார் எந்தப் படகில் போகிறார் என்று கேட்டபோது, எல்லோரும் தலை குனிந்து மௌனமாகிவிட்டார்கள்.

அப்பள்ளியில் இருபது ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்துவந்த ஓர் அம்மையார் அதன் காரணத்தைப் பிற்பாடு எனக்கு விளக்கினார். எனக்கு முன்பும் பல தேசங்களிலிருந்து தொண்டர்கள் அங்கே வந்திருக்கிறார்கள். இரண்டு வாரம் இருந்தவர் உண்டு, ஒரு மாதம் இருந்தவர் உண்டு. வந்தவர் ஒவ்வொருவரும் பெயர் சொல்வதிலும் நலம் விசாரிப்பதிலும் தொடங்கி, நிறங்களின் பெயர்களுக்கு வரும்போது விடைபெற்றுச் சென்றார்கள். 'பிள்ளைகள் முதல் பாடத்தைப் பலமுறை படித்துவிட்டார்கள், ஐயா. இரண்டாம் பாடத்துக்கு யாரும் இருந்ததில்லை' என்று அவர் குற்றம் சொல்லும் தொனி சிறிதும் இல்லாமல் சொன்னார். தொண்டு செய்யப் புறப்படுகிறவன் தன் மனத்திருப்தியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், அவன் கொடுத்ததாக எண்ணுவது ஒன்று, அங்கே மிஞ்சுவது வேறொன்று என்பதை அன்று நான் உணர்ந்தேன். அன்று மாலையே ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்த வகுப்புக்கு எதுவரை கற்பித்தேன், எந்தப் பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்பதை நாள்தோறும் அதில் எழுதத் தொடங்கினேன்.

பிள்ளைகளுக்கு வராதவற்றுள் முதன்மையானது சொல்லின் இறுதி ஒலி. சயாமிய மொழியில் சொல்லின் முடிவில் நிற்கத்தக்க மெய்யொலிகள் மிகச் சில. லகரம் இறுதியில் வந்தால் அவர்கள் நாவு அதை னகரமாக்கிவிடுகிறது. ஸகரம் வந்தால் தகரமாக்கி அடைத்துவிடுகிறது. ஸ்கூல் என்பதை ஸகூன் என்றும், ஃபுட்பால் என்பதை ஃபுட்பொன் என்றும், பஸ் என்பதை பத் என்றும் அவர்கள் சொன்னார்கள். நாக்கின் நுனியை மேற்பல்லின் அடியில் வைத்து லகரத்தை நீட்டிச் சொல்லும்படி நான் எத்தனையோ முறை திருத்தினேன். என் எதிரில் சரியாகச் சொல்லிவிட்டு, விளையாட்டு மைதானத்துக்கு ஓடியதும் மறுபடியும் ஃபுட்பொன் என்றே கூவினார்கள். இதை ஒரு குறையென்றே நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, 'வை க்ரூ' என்னும் குருவந்தனம் நடைபெற்றது. ஆசிரியரை அவர்கள் அழைக்கும் க்ரூ என்னும் சொல் நம்முடைய குருவே. வியாழக்கிழமையும் அங்கே பிருஹஸ்பதியின் பெயரையே தாங்கியிருப்பதால், தேவகுருவின் நாளிலேயே இந்தச் சடங்கைச் செய்கிறார்கள். அதற்கு முந்தின நாள் பிற்பகல் முழுவதும் பாடம் நடக்கவில்லை. வகுப்புத்தோறும் பிள்ளைகள் வாழையிலையை மடித்தும் பூக்களை ஊசியால் கோத்தும், காலுள்ள தட்டுகளில் கோபுரம் போன்ற அலங்காரங்களைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்தத் தட்டுகளில் வழக்கமாக இடம்பெறவேண்டிய பொருள்கள் சில உண்டு. அவற்றின் பொருளை அம்மையார் ஒவ்வொன்றாகச் சொல்ல, என் ஊர்ப் புழக்கடையே அங்கு வந்துவிட்டது போல் இருந்தது. முதலாவது, நாம் வெட்சி என்றும் இட்லிப்பூ என்றும் சொல்லும் பூ. அதன் மொட்டு ஊசி போல் இருப்பதால் கூர்மையான புத்திக்கு அறிகுறி. இரண்டாவது கத்தரிப்பூ, காய்க்கப்போகும் பூ தலை கவிழ்ந்து நிற்பதால் பணிவுக்கு அறிகுறி. மூன்றாவது அறுகம்புல்; மிதித்தாலும் காய்ந்தாலும் ஒரு மழைக்குத் தழைத்துப் படர்வதால் விடாமுயற்சிக்கு அறிகுறி. நான்காவது நெற்பொரி, சட்டியின் சூட்டுக்கும் அடைப்புக்கும் உட்பட்டே நெல் மலர்வது போல, கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே மாணவன் மலர்கிறான் என்பது அதன் தாத்பரியம்.

மறுநாள் மண்டபத்தில் ஆசிரியர்கள் வரிசையாக நாற்காலிகளில் அமர்ந்திருக்க, எதிரே தரையில் அமர்ந்த பிள்ளைகள் அனைவரும், உபாத்தியாயர்களின் உபகாரத்தைப் புகழும் பாலி சுலோகத்தையும் அதன் சயாமிய விரிவையும் சேர்ந்து பாடினார்கள். பின்னர் வகுப்புக்கு இருவராக, முழங்காலால் நடந்து வந்து, தட்டுகளை எங்கள் கைகளில் கொடுத்துத் தரையில் தலைபட வணங்கினார்கள். வந்து ஒரு மாதமே ஆகியிருந்த என் முன்னாலும் இரண்டு பிள்ளைகள் வந்து பணிந்தபோது, இந்த மரியாதைக்கு நான் எந்த விதத்தில் உரியவன் என்னும் கூச்சத்தினால் பின்வாங்க எண்ணினேன். பக்கத்திலிருந்த அம்மையார் மெல்லிய குரலில், 'கைகளை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா. வாங்க மறுத்தால் அவர்களுடைய கடன் தீராது' என்றார். உபகாரத்தை அறிந்திருத்தலை அவர்கள் கதன்யூ என்கிறார்கள். கிருதக்ஞன் என்று நாம் சொல்லும் சொல்லின் பாலி வடிவமே அது. கொடுப்பதற்காகவே வந்ததாக நினைத்திருந்த நான், வாங்கிக்கொள்வதும் ஆசிரியனுடைய கடமையில் ஒரு பாதி என்பதை முப்பது ஆண்டு அனுபவத்துக்குப் பின் அங்கேதான் கற்றேன்.

அதன்பிறகு பிள்ளைகளிடம் நான் கேட்கத் தொடங்கினேன். மீன்களின் பெயர், வலைகளின் பெயர், பனைவெல்லம் காய்ச்சும் முறை ஆகியவற்றை அவர்கள் தங்கள் மொழியில் எனக்குக் கற்பிக்க, அவற்றையே ஆங்கிலத்தில் சொல்வதற்கு நான் அவர்களுக்குக் கற்பித்தேன். ஆகஸ்டு மாதத்துக்குள், ஒப்பித்துப் பழகிய வாக்கியத்தைத் தாண்டி, தகப்பனார் நேற்று நண்டு கொண்டுவந்தார் என்று ஒரு பையன் தானாக எழுந்து ஆங்கிலத்தில் சொன்னான். இறந்தகாலச் சொல்லின் ஈற்றொலி அவன் வாயில் வரவில்லை; ஆனால் நேற்று நடந்தது நேற்று நடந்ததாகவே வகுப்பு முழுமைக்கும் விளங்கிற்று.

நான் தங்கியிருந்த வீட்டின் தலைவியை ஊரார் எல்லோரும் யாய் என்று அழைத்தார்கள். தாயைப் பெற்ற பாட்டி என்பது அதன் பொருள். எழுபது வயதைக் கடந்த அந்த மூதாட்டி, மாலை வேளைகளில் கடலை நோக்கித் திண்ணையில் அமர்ந்து, தலும்புக் முனையின் கதையைச் சொல்வார். பாக் பனாங்குக்கு அருகே கடலுக்குள் நீண்டு கிடக்கும் அந்த மணல்முனையில் இருந்த மீனவர் கிராமத்தை, 1962-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி ஹாரியட் என்னும் புயல் வாரிக்கொண்டு போயிற்று. அந்தப் புயலில் மாண்டவர் ஏறக்குறைய 900 பேர். யாயின் உறவினர் சிலரும் அவர்களுள் அடக்கம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1964 டிசம்பரில், எங்கள் பக்கத்தில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட செய்தியை நான் சொன்னேன். இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தும், அந்த இரண்டு பெயர்களுக்குப் பின் நாங்கள் இருவரும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மழை வலுக்கத் தொடங்கிய செப்டம்பர் மாதத்தில், பத்தாம் மாதத்துத் தேய்பிறை வந்தது. தென்சயாமியருக்கு அந்தப் பதினைந்து நாட்களும் பிதுர்க்களின் நாட்கள். தேய்பிறையின் முதல் நாளில் பிரேத லோகத்திலிருந்து விடுதலை பெற்றுத் தங்கள் மக்களைக் காண வரும் முன்னோர், பதினைந்தாம் நாளில் திரும்பிச் செல்லவேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்முடைய மஹாளய பட்சமும் பெரும்பாலும் அதே தேய்பிறைதான். ஸாத் என்று அவர்கள் அழைக்கும் அந்தப் பண்டிகைக்கு, சரத் ருதுவின் பெயரே வேர்.

அதற்காகச் செய்யும் பண்டங்களில் 'கனொம் லா' என்பது பாக் பனாங்கின் தனிப்பெருமை. அரிசிமாவையும் வெல்லப்பாகையும் பதமாகக் கரைத்து, அடியில் நுண்ணிய துளைகள் பல இட்ட சிரட்டையில் ஊற்றி, எண்ணெய் தடவிய அகன்ற வாணலியின் மேல் யாய் தம் கையை வட்டமாக வீசி வீசிச் சுழற்ற, மாவு நூலிழைகளாக இறங்கி ஒன்றன்மேல் ஒன்று படிந்து, சல்லாத் துணி போல் ஓர் அடையாயிற்று. பிரேதங்களின் வாய் ஊசித் துளை அளவே இருக்கும் என்பதால் உணவும் நூலிழை போல் இருக்கவேண்டும் என்றும், அதுவே அவர்களுக்கு வஸ்திரமும் ஆகும் என்றும் யாய் சொன்னார். தோணிக்காகப் பொரித்த ஒரு பண்டமும், செலவுக்காக நாணய வடிவில் ஒரு பண்டமும், ஆபரணத்துக்காக ஒன்றும், விளையாட்டுக் காய்க்காக ஒன்றும் அத்துடன் சேரும். இறந்தவர் உடுக்கவும், கடல் கடக்கவும், செலவழிக்கவும், அணியவும் மட்டுமின்றி, விளையாடவும் வேண்டும் என்று நினைத்த அந்த மக்களின் கருணையை எண்ணி நான் உருகினேன்.

பதினைந்தாம் நாள் காலை, பண்டங்களை அடுக்கிய தட்டைச் சுமந்து விஹாரத்துக்குப் போனோம். அங்கே, இறந்தவர்களின் பெயர்களைக் காகிதத்தில் எழுதி, பிக்ஷுக்கள் முன் வைத்து, அவர்கள் ஓதி முடித்தபின் எரிக்கும் ஒரு சடங்கு உண்டு. யாய் என்னைப் பார்த்து, 'க்ரூ, உங்கள் தாய் தந்தையர் பெயரும் இதில் இருக்கட்டும்' என்றார். ஆண்டுதோறும் கோடிக்கரையில் எள்ளும் நீரும் இறைத்தவன், அந்த ஆண்டு எங்கோ ஓர் அயல்தேசத்தில் இருக்கிறேனே என்று உள்ளூரக் கலங்கிக்கொண்டிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதுவதற்கு யாய் தம் பேத்தியை அழைத்தார். அவள் என் நான்காம் வகுப்பு மாணவி. தந்தையின் பெயரை அவள் ஒலி ஒலியாகக் கேட்டு எழுதினாள். என் அன்னையின் பெயரில் மங்கலம் என்னும் சொல் உண்டு. அதை நான் சொன்னதும், அருகிலிருந்த ஆங்கில ஆசிரியை, 'அது எங்கள் சொல்லும்தான், ஐயா' என்றார். சிறுமி சற்றும் தயங்காமல் எழுதி, மொங்கொன் என்று படித்துக் காட்டினாள்.

இறுதியில் என்ன எழுத்து எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். லகரம் என்றாள். பின் ஏன் னகரமாகப் படித்தாய் என்றேன். அவள் வியப்புடன் என்னைப் பார்த்து, 'எழுதுவது அப்படி, சொல்வது இப்படி. ஃபுட்பொன் போலத்தான், க்ரூ' என்றாள்.

பல்லவர் எழுத்திலிருந்து கெமர் எழுத்தின் வழியாக வந்த அவர்களுடைய லிபியில், வந்த சொல்லின் மூல எழுத்தை அவர்கள் பெரும்பாலும் அழிப்பதில்லை. பலன் என்று நாம் சொல்லும் சொல்லை லகர ஈற்றோடு எழுதி, பொன் என்பது போல் ஒலிக்கிறார்கள். சீலத்தை லகரத்தோடு எழுதி, ஸின் என்கிறார்கள். பிக்ஷுக்கள் அன்று ஓதிய அச்சடங்கின் பெயரையே பங்ஸுகுல என்று எழுதி, பங்ஸுகுன் என்கிறார்கள். நாவு தன் இயல்பான வழியில் செல்கிறது. எழுத்தோ, இந்தச் சொல் யாரிடமிருந்து வந்தது என்பதை மறவாமல் வைத்திருக்கிறது. ஸ்கூல் என்பதற்கு முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்து இஸ்கூல் என்று சொல்லும் தமிழ் நாவைப் பெற்றவன், அயல் ஒலிகளைத் தமிழ் மரபுக்கு இசைத்துக்கொள்ள இலக்கணமே வகுத்த மொழிக்கு உரியவன், அந்தப் பிள்ளைகளின் ஸகூன் என்னும் ஒலியை நான்கு மாதங்களாகக் குறையென்று எழுதிவைத்திருந்தேனே என்று வெட்கினேன்.

காகிதம் எரிந்து சாம்பலான பின், மக்கள் தட்டுகளிலிருந்த பண்டங்களை ஆவலோடு எடுத்துக்கொள்ள முந்தினார்கள். முன்னோர் உண்டு மிஞ்சியதை உண்பது புண்ணியம். யாய் கனொம் லாவின் ஒரு மடிப்பைக் கிழித்து என் கையில் வைத்தார். இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

மறுவாரம் வகுப்பில், முதலில் கரும்பலகையில் அந்தச் சிறுமியைக் கொண்டு நான்கு சயாமியச் சொற்களை எழுதச் செய்து, உங்கள் நாவுக்கு ஒரு பழைய விதி இருக்கிறது, அது தவறன்று என்று சொன்னேன். பின்பு, ஆங்கிலம் பேசும்போது மட்டும் எழுத்தில் உள்ள லகரத்தை நாவிலும் நிறுத்துங்கள் என்றேன். விதியை அறிந்தபின் பிள்ளைகளுக்கு அந்த ஒலி முன்னைவிட எளிதாக வந்தது. நோட்டுப் புத்தகத்தில் குறை என்று எழுதியிருந்த பக்கங்களைத் திருத்தி எழுதி, அடுத்து வருகிறவருக்காக ஆசிரியையிடம் ஒப்படைத்தேன். இரண்டாம் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே அதன் முதல் வரி.

அக்டோபரில் பருவம் முடிந்து, அதே நக்கொன் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது, பெயர்ப்பலகையை மறுபடியும் நிமிர்ந்து பார்த்தேன். ஐந்து மாதங்களில் அந்தப் பிள்ளைகள் எனக்குக் கற்பித்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். நக்கொன் என்று என் பக்கத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சொல்லின் முடிவில், பலகையில், ஒரு ரகரம் நின்றுகொண்டிருந்தது.